கை மெலியுது, ஆபரேஷன் மட்டும் கழுத்துலயா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒருத்தருக்கு பதில் சொல்றப்ப ஹிராயாமா நோய்னு ஒரு பேர் வந்துச்சு. சின்ன வயசு பசங்களுக்கு வலி எதுவும் இல்லாம ஒரு கை மட்டும் மெலிஞ்சுகிட்டே போகும், சிலருக்கு கழுத்து எலும்பை சேர்த்து வைக்கிற ஆபரேஷன் தேவைப்படும்னு ரெண்டே வரி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள படிச்சா, நோயை விட அந்த ஆபரேஷன் மேலதான் வீட்டுல எல்லாருக்கும் பயம் அதிகமா இருக்கு. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இந்த தடவை இத பத்தி மட்டும் பேசிடலாம்.

கேள்வி: என் பையனுக்கு 18 வயசு, பாலிடெக்னிக் படிக்கிறான். ஒரு வருஷமா வலது கை மெலிஞ்சுட்டே வருது, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை பள்ளமா போச்சு. சட்டை பட்டன் போட முடியல, பூட்டுல சாவி திருப்ப முடியல. சத்து இல்லன்னு நெனச்சு டானிக், முட்டைன்னு குடுத்து பாத்தோம். இப்ப நியூரோ டாக்டர் ஹிராயாமான்னு சொல்லி கழுத்துல பிளேட் வைக்கணும்கிறார். கைக்கு வைத்தியம் பாக்காம கழுத்துல ஏன் கத்தி வைக்கணும், கைகால் விழுந்துடும்னு என் மாமியார் அழுவுறாங்க. என்ன பண்றதுன்னே தெரியல டாக்டர். – ஓர் அம்மா, ஈரோடு மாவட்டம்

அம்மா, உங்க மாமியார் கேக்குறது நியாயமான கேள்விதான், அவங்களையும் பக்கத்துல உக்கார வச்சுட்டே இத படிங்க.

விரலையும் மணிக்கட்டையும் அசைக்கிற சதைக்கு உத்தரவு போறது கழுத்தோட கீழ்ப்பகுதில இருக்குற தண்டுவடத்துலேர்ந்துதான். அங்க தண்டுவடத்தோட முன்பக்கத்துல இருக்குற நரம்பு செல்கள்தான் அந்த சதைய உயிரோட வச்சிருக்கு, செல் செத்தா சதை வாடிடும், எவ்வளவு முட்டை குடுத்தாலும் தேறாது. உங்க பையனுக்கு நடக்குறது இதுதான், கெட்டுப்போனது கை இல்ல, கைக்கு கரண்டு அனுப்புற இடம்.

அது ஏன் கெடுதுன்னா, தண்டுவடத்த சுத்தி ஒரு கெட்டியான உறை இருக்கு. பசங்க 13, 14 வயசுல கிடுகிடுன்னு உயரமாகுறப்ப முதுகெலும்பு வளர்ற வேகத்துக்கு இந்த உறை சிலருக்கு ஈடு குடுக்குறதில்லன்னு சொல்றாங்க. பத்தாத சட்டைய போட்டுட்டு குனிஞ்சா முதுகுப்பக்கம் இழுத்து பிடிக்கும்ல, அந்த மாதிரி பையன் தலைய குனியுறப்ப உறையோட பின்பக்க சுவர் இறுகி முன்னாடி தள்ளிட்டு வந்து தண்டுவடத்த முன்னாடி இருக்குற எலும்போட சேர்த்து அமுக்குது. நிமிர்ந்தா சரியாயிடும், மறுபடி குனிஞ்சா மறுபடி அமுக்கும். படிக்கிறப்ப, போன் பாக்குறப்ப, சாப்புடுறப்பன்னு ஒரு நாளைக்கு எத்தன தடவை குனியுறோம்னு யோசிச்சு பாருங்க, இப்படி வருஷக்கணக்கா அமுங்கி அமுங்கி அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கொறைஞ்சு முன்பக்க செல்கள் ஒவ்வொண்ணா போயிடுது. தொடு உணர்ச்சிக்கான பாதை வேற பக்கம் இருக்குறதால அது பெரும்பாலும் தப்பிச்சுடுது, அதனாலதான் மரத்துப்போகல, வலிக்கல, யாரும் சீக்கிரம் கவனிக்கவும் இல்ல.

இப்ப ஆபரேஷனுக்கு வருவோம். கழுத்தோட முன்பக்கம், தோல் மடிப்புலயே சின்னதா கீறி, உணவுக்குழாய மூச்சுக்குழாய பக்கத்துல ஒதுக்கி வச்சுட்டு, குனியுறப்ப எந்த இடத்துல அமுங்குதோ அந்த இடத்து டிஸ்க்கை, அதாவது ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குறத, எடுத்துடுவாங்க. அந்த எடத்துல இடுப்பெலும்புலேர்ந்து எடுத்த ஒரு துண்டோ இல்ல கேஜ்னு சொல்ற சின்ன கூண்டோ வச்சு, மேல டைட்டானியம் பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டு முறுக்கிடுவாங்க. சில மாசத்துல ரெண்டு மூணு எலும்பும் ஒட்டி ஒரே எலும்பா ஆயிடும், அப்புறம் அந்த எடம் குனியாது, குனியாததால அமுங்காது. ஆபரேஷனோட வேலையே இவ்வளவுதான். சில சர்ஜன்கள் பின்பக்கமா போயும் பண்றாங்க, உறைய கொஞ்சம் பெரிசாக்கி தைக்கிற முறையும் இருக்கு, ஆனா முன்பக்கமா பண்றதுதான் அதிகம்.

கைகால் விழுந்துடுமான்னா, தண்டுவடத்துக்கு பக்கத்துல பண்ற எந்த ஆபரேஷன்லயும் அந்த ஆபத்து சுத்தமா இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனா அனுபவமுள்ள கையில அது ரொம்ப அபூர்வம். அடிக்கடி வர்றது வேற, முழுங்குறப்ப தொண்டை வலிக்கும், சிலருக்கு குரல் கொஞ்ச நாள் கரகரன்னு இருக்கும், பெரும்பாலும் தானா சரியாயிடும். சிலருக்கு எலும்பு சரியா ஒட்டாம போகலாம், புண்ணுல கிருமி சேரலாம், பல வருஷம் கழிச்சு பிளேட்டுக்கு மேலயோ கீழயோ இருக்குற டிஸ்க் சீக்கிரம் தேயலாம். இதெல்லாம் சர்ஜன்கிட்ட நேருக்கு நேரா கேளுங்க, நல்ல சர்ஜன் கோவிச்சுக்க மாட்டார். உங்க பையனுக்கு ஒரு வருஷமா விடாம மெலிஞ்சுட்டே வருதுன்னு எழுதியிருக்கீங்க, அதுதான் எனக்கு கவலை. போன செல் திரும்ப வராதும்மா. கத்தி வேணுமா, குனியாம இருக்க கழுத்த சுத்தி மாட்டுற காலர் போதுமான்னு முடிவு பண்ணிக்கலாம், ஆனா ரெண்டுல எதையும் பண்ணாம அடுத்த தை மாசம் பாத்துக்கலாம்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: எனக்கு 21 வயசு, ஊட்டி. காலைல குளிருல விரல் சுத்தமா வேலை செய்யாது, பைக் கிளட்ச் கூட பிடிக்க முடியாது, வெயில் ஏறினா கொஞ்சம் பரவால்ல. விரல நீட்டினா நடுங்குது. கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுத்து நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்ப எனக்கு ஹிராயாமா இல்லதானே?

தம்பி, நீங்க எழுதியிருக்குற அந்த குளிர் விஷயம் இந்த நோய்ல பசங்க அடிக்கடி சொல்றதுதான், குளிர்ந்த தண்ணில கை வச்சா விரல் வராம போறது, விரல நீட்டுறப்ப நடுங்குறது ரெண்டுமே. ஸ்கேன் நார்மல்னு வந்ததால இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. எம்ஆர்ஐல படுக்க வைக்கிறப்ப கழுத்து நேரா இருக்கும், கழுத்து நேரா இருக்குறப்ப அமுக்கம் இருக்காது, அப்ப படத்துல என்ன தெரியும்? குனிஞ்ச நிலையில எடுக்கணும், ஃப்ளெக்‌ஷன் எம்ஆர்ஐம்பாங்க. தலைக்கு அடியில ஏதாவது வச்சு நல்லா, கிட்டத்தட்ட 30 டிகிரியாவது முன்னாடி வளைச்சு எடுத்தாதான் உறை முன்னாடி நகர்றதும், பின்னாடி உண்டாகுற இடைவெளில ரத்தக்குழாய்ங்க புடைச்சு பிறை மாதிரி தெரியுறதும் படத்துல விழும். நேரா எடுத்த படத்துலயே கூட கீழ்ப்பக்க தண்டுவடம் ஒரு பக்கம் மட்டும் தட்டையா இருக்குறது மாதிரி சின்ன அடையாளம் இருக்கலாம், தேடி பாத்தாதான் கண்ணுல படும்.

ஸ்கேன் சீட்டு எழுதுறப்பவே குனிஞ்ச நிலையிலயும் எடுக்கணும்னு நியூரோ டாக்டர எழுத சொல்லுங்க, ஸ்கேன் சென்டர்ல போய் நீங்களும் ஒரு தடவை வாய்விட்டு சொல்லுங்க. கூடவே சதைலயும் நரம்புலயும் மின்சாரம் எப்படி ஓடுதுன்னு பாக்குற ஈஎம்ஜி, நரம்பு கண்டக்‌ஷன் டெஸ்ட் ரெண்டும் பண்ணிடுங்க. கைய நீங்களே பாக்கணும்னா, முன்னங்கைல சுண்டுவிரல் பக்கம் சதை வத்திப் போய், கட்டைவிரல் பக்கமா முழங்கைலேர்ந்து இறங்கி வர்ற சதை மட்டும் நல்லா இருக்கான்னு பாருங்க. சாய்வா கோடு போட்ட மாதிரி தெரியும், இந்த நோயோட முக்கியமான அடையாளம் அது.

கேள்வி: பையன் ரிப்போர்ட்ல மோட்டார் நியூரான்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. நெட்டுல தேடினா ரெண்டு மூணு வருஷத்துல உயிர் போயிடும்னு வருது. அன்னைலேர்ந்து வீட்டுல யாரும் சாப்புடல, தூங்கல. – ஒரு அப்பா, தூத்துக்குடி

ஐயா, முதல்ல சாப்புடுங்க. மோட்டார் நியூரான்ங்கிறது சதைக்கு உத்தரவு அனுப்புற நரம்பு செல்லோட பேரு, அது பாதிக்கிற நோய் எல்லாம் ஒண்ணு இல்ல. நீங்க நெட்டுல படிச்சது ஏஎல்எஸ், அது பெரும்பாலும் நடுத்தர வயசுக்கு மேல வர்றது, உடம்பு பூரா பரவி கடைசில முழுங்குறதையும் மூச்சையும் தொடும். ஹிராயாமா அப்படி இல்ல, 15லேர்ந்து 25 வயசுக்குள்ள, பெரும்பாலும் ஆம்பள பசங்களுக்கு, ஒரு கைல ஆரம்பிச்சு சிலருக்கு அடுத்த கைக்கும் கொஞ்சம் போகும். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வருஷம் வரைக்கும் ஏறிட்டு அப்புறம் பெரும்பாலானவங்களுக்கு தானாவே நின்னுடும். உயிருக்கு ஆபத்து இல்ல.

உங்க பயம் அந்த காலத்து டாக்டர்களுக்கும் இருந்துச்சு. ஜப்பான்ல கெய்ஸோ ஹிராயாமாங்கிற டாக்டர் 1959ல இத தனி நோயா எழுதினப்ப, இதுவும் ஏஎல்எஸ் மாதிரி ஒண்ணுதான்னு நெனச்சவங்க நிறைய. 1980கள்ல வேற காரணத்தால இறந்துபோன ஒரு நோயாளியோட தண்டுவடத்த எடுத்து பாத்தப்பதான் கழுத்தோட கீழ்ப்பகுதில மட்டும், முன்பக்கம் மட்டும் சுருங்கியிருந்தது தெரிஞ்சுச்சு, கழுத்து குனியுறதுல ஏதோ இருக்குன்னு கவனம் அந்த பக்கம் திரும்புச்சு. நம்ம நாட்டுலயும் 1984ல பெங்களூரு நிம்ஹான்ஸ்ல கௌரிதேவியும் அவங்க குழுவும் ஒரே கையோ ஒரே காலோ மட்டும் மெலியுற நோயாளிகள பத்தி எழுதினாங்க, மோனோமெலிக் அமையோட்ரோபின்னு பேர் வச்சது அவங்கதான். ரிப்போர்ட்ல அந்த பேர் இருந்தாலும் பயப்படாதீங்க, கைல வர்றப்ப நிறைய பேருக்கு அது இதேதான்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்னு ஒண்ணு இருக்கு, 1970ல சென்னைலேர்ந்து மீனாட்சிசுந்தரம் குழு எழுதினது, அதுவும் சின்ன வயசுல வர்றதுதான், ஆனா அதுல காது கேக்குறது கொறையும், முகம் தளரும், பேச்சு குழறும். உங்க பையனுக்கு அதுல எதுவும் இல்லன்னு கடிதத்துலேர்ந்து தெரியுது. அப்படி ஏதாவது வந்தாலோ, கால் இறுகி நடை மாறினாலோ, பெரிய மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி நியூராலஜி பிரிவுல உடனே காட்டுங்க.

கேள்வி: வயசு 19. ஒரு டாக்டர் மூணு வருஷம் காலர் போடுங்கிறார், இன்னொருத்தர் காலர்லாம் வேஸ்ட், ஆபரேஷன் பண்ணிக்கோங்கிறார். யார நம்புறது? – மதுரை

ரெண்டு பேரும் உன்ன ஏமாத்தல தம்பி, டாக்டர்களுக்குள்ளயே இதுல ஒரு முடிவு இன்னும் வரல. ஜப்பான்ல ஹிராயாமாவே காலர்தான் சொன்னார், மூணு நாலு வருஷம் போட்டவங்களுக்கு சீக்கிரமே நோய் நின்னுச்சு, ஆரம்பத்துலயே போட்டவங்களுக்கு பலன் நல்லா இருந்துச்சு. சீனாவுல ஆபரேஷன் நிறைய பண்றாங்க. நம்ம ஊர்ல டாக்டருக்கு டாக்டர் மாறுது.

என் கருத்த கேட்டா, வியாதி ஆரம்பிச்சு கொஞ்ச மாசம்தான் ஆகுது, மெதுவா போகுதுன்னா காலர முதல்ல முயற்சி பண்ணி பாக்கணும், ஏன்னா அத கழட்டி வச்சுடலாம், பிளேட் வச்சு ஒட்டின கழுத்த திரும்ப பிரிக்க முடியாது. ஆனா காலர்னா காலர். நம்ம ஊரு சித்திரை வெயில்ல வேர்த்து, அரிச்சு, காலேஜ்ல எல்லாரும் திரும்பி பாக்குறத தாங்கிட்டு, முழிச்சிருக்குற நேரம் பூரா போடணும், குனியுறத தடுக்குற அளவுக்கு அது விறைப்பா இருக்கணும். வீட்டுல ரெண்டு மணி நேரம் போட்டுட்டு காலேஜுக்கு கழட்டிட்டு போறதுல பிரயோஜனம் இல்ல. 19 வயசுல அது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு தெரியும், பல பசங்க பாதில விட்டுடுறாங்க, அவங்கள திட்ட எனக்கு மனசு வராது.

அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை கையோட பிடி எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட அளந்து எழுதி வாங்கிக்கோ, டைனமோமீட்டர்னு சின்ன கருவி, பிசியோ டிபார்ட்மென்ட்ல இருக்கும். ஒரே மாதிரி வெளிச்சத்துல ரெண்டு கையையும் போட்டோ எடுத்து வை. காலர் ஒழுங்கா போட்டும் அளவு இறங்கிட்டே போனாலோ, அடுத்த கையும் மெலிய ஆரம்பிச்சாலோ, கால்ல இறுக்கம் தெரிஞ்சாலோ, உண்மையிலயே காலர் போட முடியாத வேலை, சூழ்நிலையா இருந்தாலோ அப்ப ஆபரேஷன் பக்கம் போறது சரி. அந்த நிலையில காலரே போதும்னு பிடிவாதம் பிடிச்சு ரெண்டு வருஷத்த விட்டா நஷ்டம் விரலுக்குத்தான். ஆபரேஷன்னு முடிவானா குனிஞ்ச எம்ஆர்ஐ படத்த கையில வச்சுட்டு, எந்தெந்த எலும்ப சேர்க்க போறீங்க, ஏன் அது மட்டும்னு கேளு. படத்துல எங்க அமுங்குதோ அதுக்கு ஏத்த மாதிரி பதில் வரணும்.

வேற என்ன வழி இருந்தாலும் குனியுறத இன்னைக்கே கொறைச்சுடு. தரையில உக்காந்து மடியில புத்தகம் வச்சு படிக்காத, மேஜைல சாய்வு பலகை வச்சு கண்ணு உயரத்துக்கு கொண்டு வா. போன முகத்துக்கு நேரா தூக்கி பிடி. ரெண்டு தலகாணி வேணாம்.

கேள்வி: பிளேட் வச்சா கழுத்தே திரும்பாதாமே? பைக் ஓட்டலாமா? நாளைக்கு கல்யாணம் பேசுறப்ப சொல்லணுமா?

கழுத்து திரும்பும். தலைய இடம் வலம் திருப்புறதுல கிட்டத்தட்ட பாதி, மண்டைக்கு கீழ இருக்குற மேல் ரெண்டு எலும்புலேர்ந்து வருது, அங்க யாரும் கை வைக்கிறதில்ல. கீழ ரெண்டு மூணு எலும்ப சேர்க்குறதால குனியுறதும் அண்ணாந்து பாக்குறதும் கொஞ்சம் கொறையும், பெரும்பாலானவங்களுக்கு அது பழகிடும். எலும்பு ஒட்டிடுச்சுன்னு எக்ஸ்ரேல தெரியுற வரைக்கும் பைக், ஜிம், பளு தூக்குறது எதுவும் வேணாம், அதுக்கு அப்புறம் சர்ஜன் சொல்றத பொறுத்து. கபடி மாதிரி கழுத்துல அடி விழுற ஆட்டம் எல்லாம் விட்டுடுறது நல்லது. சிகரெட் பழக்கம் இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே நிறுத்தணும், புகை எலும்பு ஒட்டுறத கெடுக்கும்.

கல்யாணம் தாராளமா பண்ணலாம், இது பெரும்பாலும் அப்பா அம்மாகிட்டேர்ந்து பிள்ளைக்கு போற நோய் இல்ல. பொண்ணு வீட்டுல சொல்லிட்டே பண்ணுங்க.

கேள்வி: என் தம்பிக்கு எட்டு மாசம் முன்னாடி ஆபரேஷன் ஆச்சு. கை அப்படியேதான் இருக்கு, சதை வரவே இல்ல. நகைய அடகு வச்சு பண்ணினது, வீணா போச்சோன்னு அம்மா தினமும் புலம்புறாங்க. – ஒரு அக்கா, கும்பகோணம்

வீணா போகலம்மா. இத முன்னாடியே உங்களுக்கு யாராவது தெளிவா சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டதுதான் எனக்கு வருத்தம். கழுத்து ஆபரேஷன் இருக்குறத காப்பாத்தத்தான், போனத கொண்டு வர இல்ல. எட்டு மாசமா கை அப்படியே இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, ஆபரேஷனுக்கு முன்னாடி மாசா மாசம் இறங்கிட்டு இருந்த கை இப்ப இறங்காம நிக்குதுன்னா அதுக்காகத்தான் அத பண்ணினாங்க. சிலருக்கு செத்துப் போகாம மயங்கி கிடந்த செல் கொஞ்சம் தேறி பிடி கொஞ்சம் கூடுறது உண்டு, மெதுவா நடக்கும், எல்லாருக்கும் நடக்காது.

இனி கைக்கு செய்ய வேண்டியது நிறைய இருக்கு, இங்கதான் பல குடும்பங்கள் ஆபரேஷனோட முடிஞ்சுதுன்னு விட்டுடுறாங்க. பிசியோதெரபி, அன்றாட வேலைகள செய்ய பழக்குற ஆக்குபேஷனல் தெரபி ரெண்டுக்கும் அனுப்புங்க. விரல் மடங்கி இறுகாம இருக்க ராத்திரி போட்டுக்குற ஸ்ப்ளின்ட்ங்கிற பட்டை, தடியான பேனா, பட்டனுக்கு பதில் வெல்க்ரோ இதெல்லாம் சின்ன விஷயம், ஆனா தம்பி தன் வேலைய தானே பண்ணிக்குவான். நோய் நின்னு ஒரு நல்ல இடைவெளி ஆன பிறகும் கட்டைவிரல் சேர மாட்டேங்குது, விரல் நீட்ட முடியலன்னா, நல்லா இருக்குற ஒரு சதையோட தசைநார எடுத்து மாத்தி கட்டுற டெண்டன் டிரான்ஸ்பர்னு ஒரு ஆபரேஷன் இருக்கு, கை அறுவை சிகிச்சை நிபுணர் பண்ணுவார். தொழுநோயால விரல் மடங்கினவங்களுக்கு வேலூர் சிஎம்சில பால் பிராண்ட் அந்த காலத்துலயே பண்ணி பேர் வாங்கின முறைதான் இது, நம்ம தமிழ்நாட்டுக்கு புதுசு இல்ல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முன்னாடியே காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுடுங்க, இந்த தடவை நகைக்கு போகாம இருக்கலாம்.

கேள்வி: எனக்கு 34 வயசு. 17 வயசுல இடது கை மெலிஞ்சுச்சு, 20ல நின்னுடுச்சு, அதுக்கு அப்புறம் மாறல. இப்பதான் நோயோட பேரே தெரியுது. இனி ஆபரேஷன் பண்ணிக்கணுமா? – திருப்பூர்

கழுத்துல வேணாங்க. பதினாலு வருஷமா நின்ன நோய்க்கு பிளேட் எதுக்கு? ஒரு தடவை நியூரோ டாக்டர்கிட்ட காட்டி ஹிராயாமாதான்னு உறுதி பண்ணிக்கோங்க, வேலைக்கு இடைஞ்சலா இருந்தா மேல சொன்ன டெண்டன் ஆபரேஷன பத்தி கேளுங்க. திடீர்னு மறுபடி மெலிய ஆரம்பிச்சா அது வேற காரணமா இருக்கலாம், விடாம பாக்கணும்.

கேள்வி: வர்மம், மசாஜ், எண்ணெய் கட்டு எதுவும் உதவாதா? சலூன்ல கழுத்த திருப்பி சொடக்கு எடுப்பாங்களே, அது பண்ணலாமா?

கைக்கு இதமா எண்ணெய் தேச்சு விடுறதுல தப்பில்ல, சதை வந்துடும்னு மட்டும் நம்பிட்டு உக்காராதீங்க. கழுத்துல யாரும் கை வைக்க கூடாது. சலூன் சொடக்கு, வேகமா திருப்புறது, தலைய அமுக்கி குனிய வைக்கிறது எதுவும் வேணவே வேணாம், முடி வெட்ட உக்காரும்போதே சொல்லிடுங்க. ஷாம்பு போட தலைய முன்னாடி குனிய வச்சா முடியாதுன்னு சொல்லி எழுந்துடுங்க.